புல்லைப் பழிக்க வேண்டாம்

எங்கள் விடுதியில் எனக்குப் ‘புல்லுக்கட்டு’ என்று ஒரு பெயர் உண்டு. நம் மன்றத்து நண்பர்கள் அன்போடு சூட்டிய பெயர். ஆகையால் நான் கோபித்துக்கொள்வதில்லை. மற்றவர்கள் கணிப்பொறியும் மின்னணுவியலும் மருந்தியலும் பயில்கையில், ஒருவன் மட்டும் விடியற்காலைக் குளிரில் குல்லாய் அணிந்து வயல்வெளிக்குச் சென்று, ஆடுகூடத் திரும்பிப் பாராத ஒரு காட்டுப் புல்லின் கதிரைக் கத்தரித்துக்கொண்டு வருகிறான் என்றால், அவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

சென்ற பொங்கல் விழாவன்று ஒரு நண்பர் கேட்டார்: “சோறு தின்று வளர்ந்தவன் நீ. உனக்குக் கோதுமை எதற்கு? கோதுமையாவது போகட்டும், கோதுமை வயலில் களையாக முளைக்கிற புல் எதற்கு?” ஊரிலிருந்து அம்மாவும் தொலைபேசியில் ஏறக்குறைய இதையேதான் கேட்கிறாள். ஓர் உதவித்தொகைக்கான நேர்முகத்தில், மேசைக்கு அப்புறம் இருந்த பெரியவர் ஒருவர், “ஜீனையே கத்தரித்து ஒட்டுகிற காலம் இது. இன்னுமா குரோமோசோமை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்?” என்று சொல்லிச் சிரித்தார். அந்த உதவித்தொகை எனக்குக் கிடைக்கவில்லை. மூவருக்கும் அப்போது விடை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. இந்தப் பக்கங்களில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் கோதுமையின் குலம் கோத்திரத்தைப் பார்ப்போம். உயிரணுவின் உட்கருவில் சாயம் ஏற்றினால் நூல் துண்டுகள் போலத் தெரிபவை குரோமோசோம்கள். கலைச்சொல் நூல்கள் நிறப்புரி என்று கூறும். பரம்பரைக் குணங்களைத் தாங்கும் ஜீன்கள் இவற்றின்மீதுதான் வரிசையாக அமைந்திருக்கின்றன. 1918-ஆம் ஆண்டில் ஜப்பானியரான சகாமுரா என்பார், கோதுமை இனங்களில் குரோமோசோம்கள் 14, 28, 42 என்று மூன்று படிகளில் இருப்பதைச் சரியாக எண்ணிச் சொன்னார். எல்லாம் ஏழின் மடங்குகள். நம் ஊரில் சம்பா கோதுமை என்று வழங்கும் வகைக்கு 28. நம் விடுதியில் நாள்தோறும் சப்பாத்தியாக வந்து சேரும் கோதுமைக்கு 42. இந்த 42 எங்கிருந்து வந்தது?

விடை 1944-இல் கிடைத்தது. ஜப்பானில் கிஹாராவும், அமெரிக்காவில் மக்ஃபேடனும் சியர்ஸும், உலகப் போரில் எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு நாடுகளில், தனித்தனியே ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்தார்கள். 28 குரோமோசோம் உடைய பழங்காலக் கோதுமையோடு, 14 குரோமோசோம் உடைய ஒரு களைப்புல் தானாகக் கலந்ததில் பிறந்ததே இன்றைய கோதுமை. அந்தக் களைக்கு ஏஜிலாப்ஸ் டாஷியை என்று பெயர். காஸ்பியன் கடலின் தென்பகுதியில், உழவன் விதைத்த வயலின் ஓரத்தில், ஏறத்தாழ 8,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கலப்பு நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் கருத்து. மணமகன் யார் என்று எந்த உழவனும் விசாரிக்கவில்லை. ஆனால் பிறந்த பிள்ளை உலகத்துக்குச் சோறு போடுகிறது.

ஆக, சப்பாத்திக் கோதுமையின் 42 குரோமோசோம்களில் 14 அந்தக் களை கொடுத்தவை. மீதி 28-உம் வானத்திலிருந்து விழவில்லை. அவற்றுள் 14 ஊரார்ட்டு என்னும் காட்டுக் கோதுமையிலிருந்தும், 14 இன்னொரு காட்டுப் புல்லின் நெருங்கிய உறவிலிருந்தும் வந்தவை. மூன்று புற்கள் கூடி ஒரு பயிர் ஆயின. கோதுமைக்குப் புல் எதற்கு என்று கேட்பது, பேரனுக்குப் பாட்டன் எதற்கு என்று கேட்பது போன்றது.

இனி ஏன் இந்தப் பாட்டன் வீட்டுக்கு மறுபடியும் போக வேண்டும் என்று பார்ப்போம். அந்தப் பழைய கலப்பு மிகச் சில முறைதான் நிகழ்ந்தது. புல்லினம் முழுவதிலும் பரவிக் கிடந்த செல்வத்தில் ஒரு கைப்பிடி மட்டுமே கோதுமைக்குச் சீதனமாக வந்தது. நோயைத் தாங்கும் ஜீன்கள் பல வீட்டிலேயே தங்கிவிட்டன. பிறகு மனிதன் விளைச்சலையே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில், வந்த கைப்பிடியும் குறைந்தது.

கோதுமைக்குப் பெரும்பகை துரு நோய். கருந்துரு, பழுப்புத் துரு, மஞ்சள் துரு என்று அது மூவகை. பூஞ்சை நோயாகிய இது காற்றிலேறிப் பறந்து போகும்; எல்லைச் சாவடியில் அதை நிறுத்த முடியாது. இங்கே நம்மவர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆக்ராவில் இருந்து ஆராய்ந்த கே. சி. மேத்தா என்னும் அறிஞர், சமவெளியின் கோடை வெயிலில் மாண்டுபோகும் துரு, குளிர்ந்த மலைகளில் உயிர் பிழைத்திருந்து அடுத்த பருவத்தில் இறங்கி வருகிறது என்று காட்டினார். அம்மலைகளுள் நம் நீலகிரியும் பழனி மலையும் அடங்கும். நம் மலையில் தங்கிய கருந்துரு, காற்றோடு வடக்கே சென்று மத்திய இந்தியாவின் கோதுமையைத் தாக்கும். கோதுமை நமக்கு அயல் பயிர் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நீலகிரியின் வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பது தற்செயல் அன்று. காட்டுப் புல்லிலிருந்து வந்த துரு எதிர்ப்பு ஜீன்களைக் கோதுமையில் ஏற்றும் வேலை அங்கே பல்லாண்டுகளாக நடந்து வருகிறது.

துருவின் தந்திரத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். ரை என்னும் உறவினத்தின் ஒரு குரோமோசோம் கை, கோதுமையின் ஒரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு உலகமெங்கும் பரவியது. அந்தச் சிறு கையில் மூன்று துருக்களையும் தடுக்கும் ஜீன்கள் இருந்தன. உழவர்கள் மகிழ்ந்தார்கள், விஞ்ஞானிகளும் அயர்ந்து உறங்கினார்கள் என்றே சொல்லலாம். 1998-இல் உகாண்டாவில் ஒரு புதிய கருந்துரு தோன்றி, அதிலிருந்த எஸ்ஆர் 31 என்னும் காவலை உடைத்தது. ‘யூஜி 99’ என்று பெயர் பெற்ற அது கென்யா, எத்தியோப்பியா, யெமன் என்று கடந்து 2007-இல் ஈரானை எட்டியது. ஒரே பூட்டை எல்லா வீட்டுக்கும் போட்டால், ஒரு திருடன் ஒரு சாவி செய்தால் போதும் அல்லவா?

நம் நாட்டுக் கதையும் இருக்கிறது. 1995-இல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 என்னும் கோதுமை பஞ்சாபிலும் அதைச் சூழ்ந்த மாநிலங்களிலும் பல லட்சம் ஹெக்டேரில் பரவியது. இரண்டாயிரத்துக்குப் பின் மஞ்சள் துரு அதன் காவலை முறித்தது. பழகிய விதையை உழவர்கள் கைவிட வேண்டியதாயிற்று. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அதே கோதுமையை எடுத்து, வெண்ட்ரிகோசா, அம்பெலுலாட்டா என்னும் இரண்டு ஏஜிலாப்ஸ் புற்களிலிருந்து வந்த துரு எதிர்ப்பு ஜீன்களை ஏற்றி, 2017-இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். வயலோரத்துப் புல் இரண்டும் வந்து வீழ்ந்த பயிரைத் தூக்கி நிறுத்தின. நெல்லுக்கு விட்ட நீர் புல்லுக்கும் போய்ச் சேர்வதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். புல்லின் கொடை பயிருக்கு வந்து சேர்வதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இது எளிதில் நடக்கிற காரியமா? இல்லை. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் வேண்டியிருக்கிறது. கோதுமைப் பூவில் மூன்று மகரந்தப் பைகள் உண்டு. அவை முற்றுமுன் ஒவ்வொரு பூவாகத் திறந்து இடுக்கியால் எடுத்துவிட்டு, காகிதப் பை மூடி, இரண்டொரு நாளில் புல்லின் மகரந்தத்தைத் தூவுகிறோம். பெரும்பாலான பூக்கள் சூல் கொள்வதில்லை. கொண்டாலும், கருவுக்கு வேண்டிய உணவு விதைக்குள் ஊறாமல் கரு பட்டினி கிடந்து சாகும். ஆகவே இரண்டு மூன்று வாரங்களில் ஊசிமுனை அளவுள்ள கருவைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டம் கொடுத்து வளர்க்க வேண்டும். சென்ற ஆண்டு நான் ஏறத்தாழ 400 பூக்களில் மகரந்தம் இட்டேன். கிடைத்த கருக்கள் பதினொன்று. பிழைத்த செடிகள் மூன்று. பிரசவ அறையின் வாசலில் நிற்கும் தகப்பனின் நிலை இப்போது எனக்கு ஓரளவு தெரியும்.

பிழைத்த கலப்பினமும் மலடாக இருக்கும். அதன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால்தான் விதை பிடிக்கும். அதற்கு நாங்கள் பயன்படுத்தும் மருந்து கால்ச்சிசின். அதைத் தரும் செடிகளுள் ஒன்று நம் செங்காந்தள். தாராபுரம், மூலனூர்ப் பக்கத்து உழவர்கள் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு விதையை விற்கிறார்களே, அதே செடிதான். என் தாத்தாவின் தோட்டத்திலும் அது உண்டு. பள்ளி விடுமுறையில் விதை பறித்துவிட்டு வந்தால், “நஞ்சுடா, கையைக் கழுவிட்டுச் சோத்துல கையை வை” என்று பாட்டி அதட்டுவாள். அந்த நஞ்சை இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு சோதனைச் சாலையில் சிறு புட்டியில் கண்டபோது, ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தது போல் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தடை இருக்கிறது. புல்லின் குரோமோசோம் கோதுமைக்குள் நுழைந்துவிட்டாலும், கோதுமையின் குரோமோசோம் அதனோடு கை கோப்பதில்லை. கை கோத்துத் துண்டு மாற்றிக்கொண்டால்தான் நல்ல ஜீன் மட்டும் வரும். இல்லையேல் முழுக் குரோமோசோமும் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். ஏன் இப்படி? 1958-இல் இங்கிலாந்தில் ரைலியும் சேப்மனும், அமெரிக்காவில் சியர்ஸும் ஒகமோட்டோவும், 5பி என்னும் குரோமோசோமில் ஒரு காவற்காரன் உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். தன் சோடியைத் தவிர மற்றவரோடு சேராதே என்று அது கட்டளையிடுகிறது. அந்தக் காவல் இருப்பதால்தான் மூன்று குடும்பங்கள் ஒரு வீட்டில் சண்டையின்றி வாழ்கின்றன. கோதுமை ஆண்டுதோறும் ஒழுங்காக விதை கொடுக்கிறது. ஆனால் விருந்தாளியை உள்ளே விட வேண்டிய நாளில் அதே காவல் தடையாகிறது. 1977-இல் சியர்ஸ் அந்தக் காவல் இழந்த ஒரு கோதுமையை உண்டாக்கினார். இன்றும் உலகெங்கும் புல்லின் துண்டைக் கோதுமையில் சேர்ப்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அதற்கும் முன்பே, 1956-இல் அவர் எக்ஸ்-கதிர் பாய்ச்சிக் குரோமோசோமை உடைத்து, அம்பெலுலாட்டாப் புல்லின் ஒரு துண்டைக் கோதுமையில் ஒட்ட வைத்தார். ஆறாயிரம் செடிகளுக்கு மேல் சோதித்து, துரு எதிர்ப்பு மட்டும் வந்து வேறு கேடு வராத ஒட்டை அவர் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறாயிரத்தையும் நினைக்கும்போது என் நானூறு பூக்களைப் பற்றிப் புலம்ப எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். காட்டு உறவு நல்லதை மட்டும் கொண்டு வராது. கெட்டதையும் மூட்டை கட்டிக் கொண்டு வரும். உண்மை. ரையின் கை வந்த கோதுமையில் சில மாவுகள் பிசுபிசுத்தன. ரொட்டிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இன்னொரு புல்லின் துண்டு மாவை மஞ்சளாக்கியது. ஆகையால்தான் துண்டை மேலும் சிறிதாக்க வேண்டும். எவ்வளவு சிறிதாயிற்று என்று குரோமோசோமைப் பார்த்து அளக்க வேண்டும். இன்று ஒளிரும் சாயங்களால் புல்லின் துண்டை மட்டும் பச்சை விளக்குப் போல் எரியவிட்டுக் காண முடிகிறது. வாதம் எங்கள் வேலையை மறுக்கவில்லை. வேலையின் அவசியத்தைத்தான் சொல்கிறது.

நேர்முகத்துப் பெரியவரின் வாதம் இதைவிட வலியது. 2018-இல் கோதுமையின் குரோமோசோம்கள் அனைத்தின் எழுத்து வரிசையும் வெளியாகிவிட்டது. அது மனிதனுடையதைப் போல் ஐந்து மடங்கு நீளம். ஜீனைத் திருத்தும் கருவியும் கைக்கு வந்துவிட்டது. 2021-இல் ஐந்து துரு எதிர்ப்பு ஜீன்களை ஒரே தொடராகக் கோர்த்துக் கோதுமையில் புகுத்தியும் காட்டினார்கள். இனிக் குரோமோசோம் எதற்கு? நான் கேட்கிறேன்: அந்த ஐந்து ஜீன்கள் எங்கிருந்து வந்தன? ஐந்தில் நான்கு, கோதுமையின் உறவினங்கள் தந்தவை. பழைய முறையில் கலந்து, எண்ணி, இடம் கண்டு வைத்தவர்கள் இருந்ததனால்தான் புதிய முறையினர் அவற்றை எடுக்க முடிந்தது. நல்ல கத்தரிக்கோல் கிடைத்துவிட்டது என்பதற்காகத் துணி வேண்டாம் என்று எந்தத் தையற்காரனாவது சொல்வானா? புதிய கருவியை நான் வெறுக்கவில்லை, நானும் கற்கிறேன். ஒன்று வந்தால் மற்றொன்றை மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தைத்தான் வெறுக்கிறேன்.

“சோறு தின்பவனுக்கு என்ன?” என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. நெற்பயிரைக் குட்டையாக்கிப் புல் குத்துப் போல் ஆக்கிவிடும் ஒரு வைரஸ் நோய் ஆசிய நாடுகளை வாட்டிய காலத்தில், பிலிப்பைன்ஸ் நாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். காப்பாற்ற வந்தது, நம் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஓரிசா நிவாரா என்னும் காட்டு நெல். அதன் ஜீனைத் தாங்கிய ஐ.ஆர். 36 என்னும் நெல் 1976-இல் வெளியாகிக் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டது. கோயமுத்தூரில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் கரும்போடு நம் பேய்க்கரும்பைக் கலந்து, 1918-இல் ‘கோ. 205’ என்னும் கரும்பைப் பஞ்சாபுக்குத் தந்தார்கள். ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணல் இனத்துப் புல் அது. பின்னர் அதே நிலையத்தில் ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். கும்பகோணத்தில் பிறந்து 2023-இல் மறைந்த எம். எஸ். சுவாமிநாதன், கோதுமையால் பெயர் பெறுமுன், 1952-இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றது உருளைக்கிழங்கின் காட்டு உறவினங்களைக் கலந்து குரோமோசோம் எண்ணியதற்காக. தமிழ்நாட்டு மண்ணிலிருந்து பஞ்சாபுக்குப் புல்லின் கொடை போய் நூறாண்டுக்கு மேலாகிறது. என்னுடைய பயணம் புதியது அன்று; பழைய வண்டித்தடம்தான்.

ஆகவே நான் சொல்ல விரும்புவது மூன்று. முதலாவது, இந்த வேலைக்குப் பொறுமையான பணம் வேண்டும். ஒரு கலப்பு உழவன் கைக்கு விதையாகப் போய்ச் சேரப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். இரண்டு ஆண்டில் எத்தனை கட்டுரை என்று எண்ணும் தராசில் இதை நிறுத்தால் தட்டு எப்போதும் மேலேதான் நிற்கும். இரண்டாவது, குரோமோசோமைக் கண்ணால் பார்க்கத் தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். எங்கள் துறையில் வேர் நுனியைப் பனிநீரில் வைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டின்கீழ் கட்டைவிரலால் பதமாக அழுத்தும் வித்தையை எனக்குக் கற்றுத் தந்தவர் ஓய்வு பெறும் வயதில் இருக்கும் ஆய்வகத் துணைவர். எத்தனை அழுத்தம் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை, அது கைப்பழக்கம். அவர் போன பிறகு யாரிடம் கேட்பது?

மூன்றாவது, புல்லே இல்லாமல் போனால் எந்த வித்தையும் உதவாது. சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகில் வறண்ட நிலப் பயிர்களுக்கான உலக ஆராய்ச்சி நிலையத்தின் விதைக் களஞ்சியம் இருந்தது. கோதுமையின் காட்டு உறவினங்கள் ஏராளமாக அதில் சேமிக்கப்பட்டிருந்தன. உள்நாட்டுப் போர் மூண்டதும் அங்கே வேலை செய்ய முடியாமல் போயிற்று. நல்ல வேளையாக, விதைகளின் மறுபடிகளை வடதுருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டுக் களஞ்சியத்துக்கு முன்பே அனுப்பி வைத்திருந்தார்கள். 2015-இல் அங்கிருந்து எடுத்து வந்து லெபனானிலும் மொராக்கோவிலும் மீண்டும் விதைத்துப் பெருக்கினார்கள். அந்த முன்யோசனை இல்லாதிருந்தால், எத்தனை பூட்டுகளின் சாவிகள் அந்தப் போரில் எரிந்து போயிருக்கும்! வயலோரத்துப் புல்லைக் களைக்கொல்லியால் சுட்டெரிக்கும்போதும், புல்வெளியை மனைக்கட்டாக்கும்போதும், போரே இல்லாமல் அதே இழப்பை நாம் செய்துகொள்கிறோம்.

இந்தியா ஆண்டுக்குப் 11 கோடி டன்னுக்கு மேல் கோதுமை விளைவிக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு இது. இந்த நிறைவைப் பார்த்து, இனி ஆராய்ச்சி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் துரு உறங்குவதில்லை. நாம் ஒரு காவலை வைத்தால் அது அடுத்த நாளே சாவி செய்யத் தொடங்குகிறது. உழவன் கடன் வாங்கி விதைத்து, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இலையெல்லாம் மஞ்சள் பொடியாக உதிர்ந்தால், அவன் முன் நின்று “எங்களிடம் வேறு ஜீன் இல்லை” என்று சொல்லும் நிலை நமக்கு வரக்கூடாது.

நண்பர்களே, பிப்ரவரி மாதத்தில் என் புற்கள் கதிர்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சோதனைச் சாலைக்கு வாருங்கள். பிழைத்த மூன்று செடிகளில் ஒன்றின் உயிரணுவை நுண்பெருக்கியில் வைத்துக் காட்டுகிறேன். எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்த பின்னும் என்னைப் ‘புல்லுக்கட்டு’ என்றே அழைப்பீர்களானால், அதைப் பட்டமாகவே ஏற்றுக்கொள்கிறேன். திரும்பி வந்து விடுதியில் சப்பாத்தியைப் பிய்க்கும்போது மட்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு களை கொடுத்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கும் இந்தக் கட்டுரையை அனுப்பப் போகிறேன்.